ஆந்தூரியம் ஏன் மஞ்சளாகிறது?

போன ஆடி மாதம் எதிர்வீட்டு அக்கா தன் ஆந்தூரியம் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துறேன்மா. ஆனாலும் வாடுது, மஞ்சளாகுது. யூடியூப்ல எப்சம் உப்பு போடச் சொன்னாங்க, போட்டேன். மோர் ஊத்தச் சொன்னாங்க, அதையும் ஊத்தினேன்" என்றார். ஒன்பது இலைகளில் நான்கு மஞ்சள். தொட்டியைக் கையில் வாங்கியபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அந்த அளவுத் தொட்டி அவ்வளவு கனக்கவே கூடாது.

செடி வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் அதிகம் கேட்கிற கேள்வி "இலை மஞ்சளாகுது, என்ன போடலாம்?" என்பதுதான். பதிலும் உடனே வந்துவிடும்: தண்ணீர் போதவில்லை, சத்து போதவில்லை, மருந்து அடியுங்கள். மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குச் சளியும் காரணமாகலாம், டெங்குவும் காரணமாகலாம். எதனால் என்று தெரியாமல் மாத்திரை போடுவது எப்படியோ, அப்படித்தான் வேரைப் பார்க்காமல் எப்சம் உப்பு போடுவதும்.

ஆந்தூரியத்தை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், வீட்டுக்குள் வளர்ப்பதற்காக ஆசைப்பட்டு வாங்கி, சீக்கிரமே மனம் நொந்து கைவிடப்படுகிற செடிகளில் இது முதல் வரிசையில் இருப்பது. அதன் சுபாவம் புரிந்துவிட்டால் பிடிவாதக்காரச் செடி என்ற பெயர் பெரும்பாலும் போய்விடும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

பச்சை வாழைக்காய் பழுக்கும்போது தோலில் யாரும் மஞ்சள் பூசுவதில்லை. மஞ்சள் நிறமிகள் காயிலேயே இருந்தவை. மேலே மூடியிருந்த பச்சை கரைந்ததும் அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. இலையிலும் நடப்பது இதுதான். இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். வெளிச்சத்தைப் பிடித்து உணவாக்கும் வேலையைச் செய்கிற நிறமி அது. இலை உயிரோடு இருக்கும்வரை பச்சையம் உடைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. புதிதாக உருவாவது நின்றாலோ, உடைவது அதிகமானாலோ பச்சை வெளுத்து மஞ்சள் தெரியும்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "மஞ்சளை எப்படிப் போக்குவது?" என்பதல்ல. "பச்சை ஏன் போனது?" என்பது. ஒரு தடவை முழுக்க மஞ்சளான இலை எந்த உரத்துக்கும் திரும்பப் பச்சையாகாது. அந்த இலையைக் காப்பாற்றப் போராடுவதை விட்டுவிட்டு, அடுத்த இலையைப் பார்க்கவேண்டும்.

ஒரு சமாதானமும் சொல்லிவிடுகிறேன். ஆந்தூரியத்தில் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். மேலே புது இலை விரிகிற சமயத்தில் அடியில் உள்ள மிக மூத்த இலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயதுதான். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

சேம்புக்கு உறவு, ஆனால் மரத்தில் குடியிருப்பு

ஆந்தூரியம் நமக்கு அந்நியக் குடும்பம் அல்ல. சேம்பு, சேனை, மணி பிளாண்ட் எல்லாம் இதன் சொந்தங்கள். நாம் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்பு மினுமினுப்பு உண்மையில் பூவே அல்ல, ஒரு மடல். தென்னம்பாளையின் உறை போன்றது. நடுவில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் கதிரில் கடுகைவிடச் சிறிதாக நெருங்கியிருப்பவைதான் பூக்கள். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதற்குக் காரணமான ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. குழந்தைகள், பூனை, நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சேம்பு சேற்றில் நிற்கும். ஆந்தூரியம் நிற்காது. வீடுகளில் பரவலாக வளர்க்கிற ஆந்தூரியம் ஆண்ட்ரேயனம் கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காடுகளைச் சேர்ந்தது. 1876இல் அங்கிருந்து அதைச் சேகரித்துப் போன பிரெஞ்சுக்காரர் எதுவார் ஆண்ட்ரேயின் பெயர்தான் அதற்கு. அந்தக் காடுகளில் அது பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. இப்படி மரத்தைப் பற்றி வாழ்ந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சாத செடிக்குத் தொற்றுத்தாவரம் என்று பெயர். நம் ஊர் மாமரக் கிளைகளில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட் அந்த வகைதான்.

கிளையில் இருக்கும் வேரை நினைத்துப் பாருங்கள். தினமும் மழை. நனைகிறது. அடுத்த நிமிடமே தண்ணீர் வழிந்து போய்விடுகிறது, காற்று வந்து தடவுகிறது. ஈரக்காற்று உண்டு, தேங்கிய நீர் கிடையாது. வேரைச் சுற்றிப் பாசி, மக்கிய இலை, மரப்பட்டை. அந்த வேரைக் கொண்டுவந்து செம்மண்ணில் புதைத்து, அடித்தட்டில் தண்ணீரும் வைத்தால் அது மூச்சு முட்டிப் போகும். இதை அலங்காரச் சொல்லாகச் சொல்லவில்லை. வேர் நிஜமாகவே மூச்சு விடுகிறது.

ஈரத்தில் நின்றும் தாகம்

இலைதான் உணவு தயாரிக்கிறது. வேர் அந்த உணவை எரித்து, அதில் கிடைக்கும் சக்தியால்தான் சத்துகளை உள்ளே இழுக்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள்தான் வேரின் மூக்கு. அந்தச் சந்துகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் நகர்வது காற்றில் நகர்வதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகிவிடும். வேர் நுனி முதலில் செயலிழக்கிறது, பிறகு சாகிறது. ஈரத்தில் நீந்திப் பரவும் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகளுக்குச் செத்த வேர் விருந்து. அவை உள்ளே புகுந்து மிச்ச வேரையும் கூழாக்குவதுதான் வேரழுகல்.

வேர் போனால் தண்ணீர் குடிக்க வாய் இல்லை. மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை தொங்கிப்போகும். வாடிய இலையைக் கண்டதும் நம் கை தானாகச் செம்பை எடுக்கிறது. இன்னும் ஒரு செம்பு, இன்னும் கொஞ்சம் அழுகல், இன்னும் கொஞ்சம் வாட்டம். எதிர்வீட்டு அக்காவின் செடி இந்தச் சுழலில்தான் மாட்டியிருந்தது. அக்கறையில்லாமல் செடியைக் கொன்றவர்களைவிட அக்கறை மிகுந்து கொன்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"எங்க தொட்டியில ஓட்டை இருக்கே, அடியில ஜல்லிகூடப் போட்டிருக்கேனே" என்பார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்து முழுக்க நனைத்து, தட்டையாகப் படுத்த நிலையில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதையே நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மறுபடி சொட்டும்! தண்ணீர் உள்ளேயே இருந்தது. உயரம் கூடியதும்தான் வெளியேறியது. தொட்டியிலும் அப்படித்தான். ஓட்டையிலிருந்து சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பகுதியில் ஓர் அடுக்கு முழு ஈரமாக நிற்கும். இதைத் தேங்குமட்டம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஜல்லி போட்டால் அந்த அடுக்கு மறைவதில்லை, ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கலவை முழுவதுமே பெரிய துண்டுகளாக, சந்துகள் அகலமாக இருந்தால்தான் தேங்குமட்டம் ஒல்லியாகும். அதனால்தான் செங்கல் சில்லு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு என்று ஆந்தூரியம் வளர்ப்பவர்கள் பொறுக்குகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மஞ்சள் என்பது பச்சையம் போனதன் தடம். ஆந்தூரியம் வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். காற்று இல்லாத வேர் அழுகும்; அழுகிய வேர் தண்ணீருக்கு நடுவே தாகத்தில் சாகும்.

எந்த இலை முதலில்?

செடி முன்னால் உட்கார்ந்து முதலில் பார்க்கவேண்டியது, மஞ்சள் கீழே தொடங்கியதா, மேலே தொடங்கியதா என்பதை.

வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா தன் பங்கைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்பார். செடியும் அப்படியே. நைட்ரஜன், மக்னீசியம் போன்ற சத்துகள் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் மூத்த இலை தன்னிடமிருப்பதைப் பிரித்து இளம் இலைக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளுக்கும். மூத்த இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம் குறைவு. பச்சையத்தின் நடுமையத்தில் இருப்பதே மக்னீசியம்தான். எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். ஆகவே இந்த ஒரு வகை மஞ்சளுக்குத்தான் அது மருந்து. மற்ற எதற்குப் போட்டாலும் அது வெறும் உப்பு.

இரும்புச்சத்து வேறு மாதிரி. போய்ச் சேர்ந்த இடத்தைவிட்டு நகராது. ஆகவே அது குறைந்தால் பழைய இலை நன்றாக இருக்கும். புதிதாக விரியும் இலை மட்டும் பச்சை நரம்போடு வெளிர் மஞ்சளாக வரும். இதற்குப் பச்சைச் சோகை என்று பெயர். சென்னை மாதிரி ஊர்களில் இதைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது போர் தண்ணீரை. கடினநீரில் உள்ள கார்பனேட்டுகள் கலவையின் காரத்தன்மையை ஏற்றிவிடும். இரும்பு தொட்டியிலேயே இருந்தும் கரையாமல் வேருக்கு எட்டாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்த படலமும் இலை நுனியில் பழுப்புக் கருகலும் சேர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறோம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தக் கழிவு நீரில்தான் போகிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆந்தூரியத்துக்கு வேண்டாம். மாறாக ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. மழைநீர் இரண்டையும்விட மேல். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு கேன் பிடித்து மூடி வைத்தால் ஒன்றிரண்டு செடிக்குக் கணிசமான நாள் வரும்.

வெயில், ஏசி, சிலந்திப்பேன்

இவை எளிதில் அடையாளம் தெரிபவை. நேர்வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் இலை வெளுத்து, பிறகு காகிதம்போலக் காய்ந்தால் அது வெயில் சுட்டது. கடும் வெயில் படாத கிழக்கு ஜன்னலோரமோ, திரை போட்ட பால்கனியோ போதும். ஏசி காற்று நேரே வீசும் இடத்தில் இலை ஓரம் முறுகும். ஊசியால் குத்தினாற்போலப் பொடிப் பொடி மஞ்சள் புள்ளிகள் இலை முழுக்க இருந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தாலே பாதி குறையும், மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். அடித்த செடியை வெயிலில் வைக்காதீர்கள்.

நிஜமான நோய்

நம்மிடம் வருகிற மஞ்சளில் பெரும்பங்கு மேலே சொன்னவைதான். கிருமியால் வருவது குறைவு. ஆனால் ஒரு கிருமி வந்தால் அக்கம்பக்கத்துச் செடிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதற்குப் பாக்டீரியா கருகல் நோய் என்று பெயர், கிருமி சாந்தோமோனாஸ் இனத்தைச் சேர்ந்தது.

அது நுழைகிற வழி அழகானது, அதனால்தான் பயங்கரமானது. விடியற்காலையில் சேம்பு இலை நுனியில் ஒரு சொட்டு தொங்குமே, பார்த்திருப்பீர்கள். பலர் பனி என்று நினைப்பது பல நேரம் பனி அல்ல. இரவில் வேர் இழுத்த நீர் மிஞ்சும்போது இலை ஓரத்தில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளைகள் வழியே வெளியே தள்ளப்படுகிறது. இது நீர்வடிதல். ஆந்தூரியம் இலை ஓரத்திலும் இந்தச் சொட்டு நிற்கும். வேறொரு செடியில் பட்டுத் தெறித்த நீரோ, நம் விரலோ கிருமியை அந்தச் சொட்டில் சேர்த்தால், வெளியே வந்த அதே துளை வழியாக அது உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் அறிகுறி இலை ஓரத்தில் தொடங்குகிறது. வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறுவதுபோல, இலையின் அடிப்பக்கத்தில் ஈரம் ஊறினாற்போன்ற சின்னப் புள்ளிகள். அவை சேர்ந்து பழுப்பாகும். பழுப்பைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் கரை கட்டும். கிருமி நரம்பு வழியே தண்டுக்குள் இறங்கிவிட்டால் மூத்த இலைகள் முழுவதுமாக மஞ்சளாகி, காம்பு அடியோடு கழன்று வரும். உலர்ந்த, வட்டமான, ஆங்காங்கே நடு இலையில் வருகிற புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை. அந்த இலையை வெட்டி, இலை நனையாமல் பார்த்துக்கொண்டால் அடங்கும். பாக்டீரியா கருகல் அப்படி அடங்காது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹவாய் சாட்சி. 1889இல் அங்கே போய்ச் சேர்ந்த ஆந்தூரியம் பிறகு அந்தத் தீவுகளின் பெரிய மலர்த் தொழிலாக வளர்ந்தது. 1980களில் ஹிலோ பகுதியில் இந்தக் கருகல் நோய் பரவி, பல சிறு பண்ணைகள் அடியோடு ஒழிந்தன. அவர்கள் மீண்டது அதிசய மருந்தால் அல்ல. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று (ஆய்வுக்கூடத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து வளர்த்தது), ஒவ்வொரு செடிக்கும் கத்தியைச் சுத்தம் செய்தல், நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழித்தல் ஆகியவற்றால்தான். நைட்ரஜன் உரத்தை, அதிலும் அமோனியம் வகையை, அதிகம் போட்டால் நோய் கடுமையாகிறது என்பதும் அங்கே கற்ற பாடம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு நர்சரியில் வாங்கி வந்த செடியை அன்றைக்கே என் மற்ற தொட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். மேலிருந்து பூவாளியால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர். இரண்டே மாதத்தில் மூன்று ஆந்தூரியம் போயின. அதில் ஒன்று அம்மா கொடுத்தது. அன்றிலிருந்து புதுச் செடி எதுவானாலும் ஆறு வாரம் தனி இடம். சிங்கோனியம், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா போன்ற உறவுக்காரச் செடிகளும் இந்தக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஆகவே அவற்றுக்கும் அதே விதி.

கிருமி தண்டில் இறங்கிய செடியைக் காப்பாற்ற வீட்டில் வழி கிடையாது. தாமிரக் கலவை தெளித்தால் பரவல் மட்டுப்படும், உள்ளே இருப்பது போகாது. மனசு கேட்காதுதான். ஆனாலும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

சுருக்கமாக: கீழிலையில் சீரான மஞ்சள் என்றால் வேரையும் சத்தையும் பாருங்கள். புது இலையில் மஞ்சள் என்றால் தண்ணீரைப் பாருங்கள். ஓரத்தில் ஈரப்புள்ளியும் மஞ்சள் கரையும் தெரிந்தால் முதலில் செடியைத் தனியே எடுத்து வையுங்கள்.

தொட்டியைக் கவிழ்த்தபோது

அக்காவின் செடியில் ஓரப்புள்ளி இல்லை. கீழிலைகள் மஞ்சள், தொட்டி கனம். பழைய செய்தித்தாளை விரித்து, தண்டின் அடியை விரல்களுக்கு நடுவே பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். களிபோல் ஒரே கட்டியாக வந்தது. சாக்கடை நாற்றம். குழாயடியில் மெல்லக் கழுவினோம். நல்ல வேர் வெளுப்பாக, உருண்டையாக, அமுக்கினால் விறைப்பாக இருக்கும். இங்கே பெரும்பாலான வேர்கள் காப்பிக்கொட்டை நிறம். ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிட, உள்ளே தையல்நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தண்ணி ஊத்தித்தான் நானே இப்படிப் பண்ணிட்டேனா?" என்றார்.

நல்ல வேர் ஏழெட்டு தேறியது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அழுகியதையெல்லாம் விறைப்பான பகுதிவரை வெட்டினோம். இவ்வளவு குறைந்த வேரால் ஒன்பது இலைகளைத் தாங்க முடியாது என்பதால் மஞ்சளான நான்கையும், இருந்த ஒரு பூவையும் எடுத்துவிட்டோம். தேங்காய் மட்டைத் துண்டுகளை ஒரு நாள் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றினோம், அதிலிருக்கும் உப்பு போகவேண்டும். அதோடு கரித்துண்டு, உடைத்த ஓட்டுச் சில்லு, ஒரு பிடி மட்கிய உரம். பழைய தொட்டியைவிடச் சின்னதாக ஒன்று, அதுவும் மண்தொட்டி. வேர் குறைவாக இருக்கும்போது பெரிய தொட்டி வைத்தால் யாரும் குடிக்காத ஈரம் சுற்றிலும் நின்றுகொண்டே இருக்கும்.

தண்ணீர் எப்போது என்று கேட்டார். கிழமை கணக்கு வேண்டாம் என்றேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்கலாம். ஊற்றியவுடன் ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பார்த்து, அந்தக் கனத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, பாதியாய் லேசானதும் ஊற்றலாம். ஊற்றும்போது காலையில், அடியில், ஓட்டை வழியே வடியும்வரை. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். உரம் அப்போதைக்கு எதுவும் இல்லை; மோர், மீன் அமிலம், எப்சம் எதுவுமே. புண்பட்ட வேருக்கு உப்பு எரியும்.

முதல் மாதம் மிச்சமிருந்த ஐந்தில் இன்னும் ஒன்று மஞ்சளானது. அக்கா பதறிக்கொண்டு வந்தார். அது பழைய சேதத்தின் பாக்கி, பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். புரட்டாசிக் கடைசியில் நடுவிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. செம்பு நிறத்தில், சுருட்டிய வெற்றிலைபோல, தொட்டால் ரப்பர் மாதிரி. விரிந்தபோது பழைய இலையில் பாதி அளவுதான், ஆனால் ஓரம்வரை ஒரே நிறம். இரண்டாவது இலை அதைவிடப் பெரிதாக வந்த பிறகுதான், பொட்டலத்தில் போட்டிருந்த அளவில் கால் பங்கு கரைத்து முதல் உரம் கொடுத்தோம்.